கைத்தொலைபேசியும் கங்காணியின் முன்பணமும்

நமது மக்களிடையே ஒரு விநோதமான விசுவாசம் வேரூன்றி வருகிறது. பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தொழிலை மாற்றிக்கொண்டோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது குடியிருப்பை மாற்றிக்கொண்டோம். பட்டணத்திற்கு வந்து நடை உடை பாவனைகளையும் மாற்றிக்கொண்டோம். ஆனால் தொலைபேசிக் கம்பெனியை மட்டும் மாற்ற மாட்டோம் என்று பலர் பிடிவாதமாக நிற்கின்றனர். மாதந்தோறும் கட்டணம் மிகுதி என்று புலம்புகிறார்கள். வீட்டினுள் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் வேறு கம்பெனிக்குப் போவதுதானே என்று கேட்டால், "எங்கள் நம்பர் போய்விடுமே" என்பார் ஒருவர். "பத்து வருஷமாக இதிலேயே இருந்துவிட்டோம்" என்பார் இன்னொருவர். "புதுப் போன் வாங்கியிருக்கிறேன், ஒப்பந்தம் முடியவில்லை" என்பார் வேறொருவர். நம்பர் போய்விடும் என்பது அறியாமை. பத்து வருஷக் கணக்கு வெறும் பழக்கம். இம்மூன்றாமவர் சொல்லும் ஒப்பந்தம் என்பதுதான் விஷயம். அதன் முகத்திரையைக் கிழிக்கவே இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

எண்ணைப் பற்றிய அச்சம் ஒரு காலத்தில் நியாயமானதே என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். மலேசியாவில் 012 என்று தொடங்கினால் மாக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கம் என்று பள்ளிப்பிள்ளைகளும் சொல்லிவிடும் காலம் ஒன்று இருந்தது. எண் கம்பெனியின் உடைமை. மனிதன் அதில் குடியிருக்கும் வாடகைக்காரன். கம்பெனியை விட்டு வெளியேறுகிறவன் எண்ணை வாசற்படியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வரவேண்டும். பிறகு உற்றார் உறவினர், முதலாளி, கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் அத்தனை பேருக்கும் புதிய எண்ணை அறிவிக்கவேண்டும். சிங்கப்பூரில் 1997-ம் ஆண்டு ஏப்ரலில் எம்1 வந்து சிங்டெல்லின் கைத்தொலைபேசி ஏகபோகத்தை முடித்தபோதே எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அஃது அரைகுறை ஏற்பாடு: பழைய எண்ணுக்கு வரும் அழைப்பைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுவதோடு அது நின்றது. எண்ணை முழுவதுமாக உடன் எடுத்துச் செல்லும் உரிமை அங்கு 2008-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதியன்றுதான் வந்தது. மலேசியாவிலும் அதே 2008-ல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் 012 என்று தொடங்கும் எண் எந்தக் கம்பெனியின் கோபுரத்தின் கீழும் இருக்கலாம். முன்னெண்ணைப் பார்த்துக் கம்பெனியைச் சொல்வது, தலைப்பாகையைப் பார்த்து மனிதனின் குணத்தைச் சொல்வது போன்றதாகிவிட்டது.

அவ்வுரிமை வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்னமும் நம்பர் போய்விடும் என்று அஞ்சுகிறவர் நம்மிடையே இருக்கிறாரென்றால், அந்தப் பழி அவரை மட்டும் சார்ந்ததன்று. கம்பெனிகள் வருகிறவர்களுக்காகத்தான் பெரிய எழுத்தில் பலகை எழுதுகின்றன. போகிறவர்களுக்கு வழி சொல்லும் பலகையை எந்தக் கடையிலாவது வாசகர்கள் கண்டதுண்டா?

இனி ஒப்பந்தத்திற்கு வருவோம். கடைவீதியில் "கைத்தொலைபேசி இலவசம்" என்று தொங்குகிறது. உள்ளே நுழைந்தால் நாற்காலி தருகிறார்கள். பளபளப்பான பெட்டியைத் திறந்து கையில் வைக்கிறார்கள். அதன் கண்ணாடி முகத்தில் நம்முடைய முகமே தெரிகிறது. பிறகு ஒரு தாள் வருகிறது. இப்போது பல இடங்களில் தாள்கூட இல்லை. கண்ணாடிப் பலகையில் விரலால் ஒரு கீறல், அவ்வளவுதான். இருபத்துநான்கு மாதத்திற்கு நாம் அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இடையில் வெளியேறினால் எவ்வளவு கட்டவேண்டும் என்பது அத்தாளின் எந்த மூலையில் இருக்கிறது என்று படித்துப் பார்த்தவர் நூற்றில் எத்தனை பேர்? அது தமிழில் இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தாலும், அதைப் படிக்கத் தெரிந்த நம் வாலிபர்களே படிப்பதில்லை.

நமது பாட்டன்மாருக்கு இக்காட்சி புதியதன்று. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-ம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் கங்காணி முறை நெடுங்காலம் நடந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிப் பணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தபோதுதான் அதன் முதுகெலும்பு முறிந்தது. கங்காணி ஊருக்கு வந்தபோது சவுக்கோடு வரவில்லை. நல்ல துணி உடுத்தி, சிரித்த முகத்தோடு, முன்பணத்தோடு வந்தான். ஊரிலிருந்த சில்லறைக் கடனைத் தீர்க்க அவன் கொடுத்த காசு, வாங்கியவனுக்கு இலவசம் போலவே தோன்றியது. கடல் தாண்டி இறங்கிய பிறகு அது கணக்கில் ஏறியது. சட்டப்படி அத்தொழிலாளி சுதந்திரமானவன்; ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்திற்குப் போகலாம். உரிமை காகிதத்தில் இருந்தது. கடன் காலில் இருந்தது. அவன் போகாமல் இருந்ததைக் கண்டு, "நம் தோட்டத்தின்மீது இவனுக்கு எவ்வளவு பற்று!" என்று துரை நினைத்திருந்தால் அது எவ்வளவு நகைப்புக்குரியது! காலையில் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, தலைக்கு இவ்வளவென்று கங்காணிக்குக் காசு கிடைத்ததையும் மறந்துவிட வேண்டாம். இன்று கடைவீதியில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு நம்மைக் கைதட்டி அழைக்கும் சிம் அட்டைத் தரகருக்கும் தலைக்கு இவ்வளவென்றுதான் கூலி. அவரை நாம் நோகவில்லை, அவரும் வயிற்றுப்பாட்டுக்காரர்.

"கங்காணிக் கொடுமையையும் கைத்தொலைபேசியையும் ஒரே தராசில் வைப்பதா?" என்று சில கனவான்கள் நம்மீது பாயக்கூடும். அவ்வளவு அறிவிழந்தவர்களல்லர் நாம். அங்கே காட்டை வெட்டியவர்கள் மலைக்காய்ச்சலில் மாண்டார்கள்; இங்கே யாரும் மாளவில்லை. அத்துயரத்தை இதற்கு இணையாக்குவது அம்மக்களுக்குச் செய்யும் அவமரியாதை. நாம் சுட்டிக்காட்டுவது சூத்திரத்தை மட்டுமே. ஒருவனுடைய உரிமையை மறுத்தால் அவன் எதிர்த்து நிற்பான். மறுக்காமலே அதைப் பயன்படுத்த முடியாதபடி முன்கூட்டிக் கடனைக் கட்டிவிட்டால் அவன் தன்னையே நொந்துகொள்வான். இச்சூத்திரம் பழையது. நம் குடும்பங்களில் அதை அனுபவித்துப் பார்த்தவர்களின் வழியில் வந்த நாமே அதற்கு முதலில் ஏமாறுவது வெட்கக்கேடு என்கிறோம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலவசமென்று கொடுக்கும் கைத்தொலைபேசியை வேறு கடையில் ரொக்கத்திற்கு வாங்கினால் விலை 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதனோடு வரும் மாதக் கட்டணம் 110 வெள்ளி. இருபத்துநான்கு மாதத்திற்கு 2,640 வெள்ளி. போன் இல்லாமல், ஒப்பந்தமும் இல்லாமல், அதே அளவு பேச்சும் இணையமும் தரும் இணைப்பு மாதம் 40 வெள்ளிக்குக் கிடைக்கிறதென்றால் இருபத்துநான்கு மாதத்திற்கு 960 வெள்ளி. அதனுடன் ரொக்க விலையைச் சேர்த்தால் 2,160. மிச்சம் 480 வெள்ளி எங்கே போயிற்று? அதுதான் இலவசத்தின் விலை. இவை மாதிரிக்காக நாம் போட்ட எண்கள். ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள பில்லின் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். சில சமயங்களில் கணக்கு நேர்மாறாகவும் வரக்கூடும். கம்பெனி உண்மையாகவே விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். அப்படி வந்தால், இரண்டாண்டு நகரமாட்டோம் என்ற உறுதியும் இருந்தால், தாராளமாகக் கையெழுத்திடலாம். கணக்குப் போடாமல் கையெழுத்திடுவதைத்தான் கண்டிக்கிறோம். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு 480 வெள்ளி என்பது ஒரு வாரத்திற்கு மேற்பட்ட உழைப்பு.

"ரொக்கம் இல்லாதவன் என்ன செய்வான்? மாதாமாதம் கட்டுவதுதானே அவனுக்கு வழி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரொக்கம் இல்லாதவனுக்கு 1,200 வெள்ளிப் போன் எதற்கு என்பதே நமது மறுகேள்வி. அழைக்கவும், செய்தி அனுப்பவும், பணம் செலுத்தவும், பிள்ளையின் பள்ளிக்கூட அறிவிப்பைப் பார்க்கவும் அதில் பாதிக்கும் குறைந்த விலையுள்ள கருவி போதும். கலியாண வீட்டில் மேசைமேல் வைத்தால் அடுத்த நாற்காலிக்காரர் எட்டிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இரண்டு வருஷச் சம்பளத்தில் பங்கு கொடுக்கிறோம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே கடைகளில் நடக்கும் கூத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனி வியாசமாகிவிடும்.

ஆயினும் பழைய கருவியே போதும் என்று எல்லோரும் இருந்துவிடவும் முடியாது. போனை மாற்றும் நிர்ப்பந்தம் சில சமயம் மேலிருந்து வருகிறது. சிங்கப்பூரில் 2ஜி அலைவரிசை 2017 ஏப்ரலில் மூடப்பட்டது. 3ஜி அலைவரிசை 2024-ல் மூடப்பட்டது. மலேசியாவில் 3ஜி 2021-ம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டது. இதனால் நல்ல நிலையிலிருந்த கருவிகள் பல ஒரே இரவில் பயனற்றுப் போயின. ஆகவே புதிதாக வாங்குகிறவர், குறிப்பாகப் பழைய சாமான் கடையிலோ ஊரிலிருந்து வந்தவரிடமோ வாங்குகிறவர், நிறத்தையும் புகைப்படக் கண்ணையும் பார்க்குமுன், அக்கருவி 4ஜி அலையில் குரலைக் கொண்டு செல்லுமா, நாம் சேரப்போகும் கம்பெனியில் அது வேலை செய்யுமா என்று கேட்கவேண்டும். இணையம் வந்து, பேச்சு வராத போன்கள் உண்டு. விற்பவர் "எல்லாம் வரும்" என்பார். சிம் அட்டையைப் போட்டு ஒருவரை அழைத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

பழக்கம் என்ற பிசாசையும் சற்றுத் தொடவேண்டும். பத்து வருஷ வாடிக்கையாளருக்குக் கம்பெனி என்ன மரியாதை செய்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. போகப்போவதாக விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு அன்று மாலைக்குள்ளாகவே பழைய கம்பெனியிலிருந்து தேன் ஒழுகும் குரலில் அழைப்பு வருகிறது: இருபது வெள்ளி குறைத்துக்கொள்கிறோம், இணையத்தை இரட்டிப்பாக்குகிறோம், போகாதீர்கள்! இருபது வெள்ளி குறைக்க முடியுமானால் இத்தனை காலம் ஏன் குறைக்கவில்லை? பேசாமல் கட்டிக்கொண்டிருந்தவனிடம் கூடுதலாக வாங்கி, போகிறேன் என்று கிளம்பியவனுக்குக் குறைத்துக் கொடுக்கிறவர்களிடம் விசுவாசம் காட்டுவது என்ன நீதி? சில வீடுகளில் வேறொரு காரணமும் கேட்டோம். எண்சாத்திரக்காரர் கூட்டிப் பார்த்துக் கொடுத்த ராசியான நம்பராம். அது இந்தக் கம்பெனியில் இருக்கும்வரைதான் பலிக்குமாம்! எண்ணே மாறாதபோது ராசி எப்படி மாறும் என்று சாத்திரக்காரரைக் கேட்டோமானால், அதற்கும் ஒரு பரிகாரம் சொல்லித் தட்சிணை வாங்கிக்கொள்வார்.

எதற்கெடுத்தாலும் கம்பெனியை மாற்று என்று நாம் சொல்லவில்லை. பட்டணத்தில் இருப்பவர் விலையைப் பார்த்து மாற்றலாம். தோட்டத்தில் இருப்பவர் கோபுரத்தைப் பார்த்துத்தான் மாற்றவேண்டும். செம்பனைக் காட்டுக்கு நடுவிலும் மலைச்சரிவிலும் உள்ள லயங்களில் ஒரு கம்பெனியின் அலை மட்டுமே எட்டும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. மற்றவற்றுக்கு மேட்டின்மேல் ஏறி நின்று கையைத் தூக்கவேண்டும். கம்பெனிக்காரர் காட்டும் வரைபடத்தில் நாடு முழுதும் ஒரே வண்ணம் பூசியிருக்கும். அந்த வண்ணம் நமது சமையலறைக்குள் வருகிறதா என்று வரைபடம் சொல்லாது. அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் இரண்டு சிம்முக்கு இடமிருக்கிறது. புதிய கம்பெனியின் மலிவான முன்கட்டண அட்டை ஒன்றை வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டு, ஒரு வாரம் வீட்டிலும் வேலைக்காட்டிலும் பேருந்திலும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். மழை நாளிலும் இரவு எட்டு மணிக்கும் பார்த்தல் வேண்டும். ஊரே ஒரே நேரத்தில் படம் பார்க்கும் வேளை அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லை மட்டும் நம்பி மாறியவர்கள் பிரசவ வலி கண்ட இரவில் வாகனத்தை அழைக்க முடியாமல் தவிக்க நேரிடலாம், இது விளையாட்டன்று.

வேறொரு நுட்பமும் கவனிக்கற்பாலது. சொந்தக் கோபுரம் இல்லாமல், பெரிய கம்பெனியின் கோபுரத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் சிறிய கம்பெனிகள் உண்டு. மலேசியாவில் டியூன் டாக், ரெட்ஒன் போன்றவை செல்கம்மின் கோபுரங்களின்மேல் வளர்ந்தவை; சிங்கப்பூரில் சர்க்கிள்ஸ் லைஃப் 2016-ல் எம்1-இன் கோபுரங்களின்மேல் தொடங்கியது. அதே கோபுரம், அதே அலை, வேறு விலை. பெரிய பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கட்டுகிறவர் இதை அறிந்திருந்தால் நன்று. பெரிய கம்பெனிகளோ தங்களுக்குள் சேர்ந்துகொள்கின்றன. செல்கம்மும் டிஜியும் 2022 நவம்பர் இறுதியில் ஒன்றாயின. ஒன்றன்மீது கோபித்துக்கொண்டு மற்றொன்றுக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரு காலையில் விழித்தபோது ஒரே முதலாளியின் வீட்டில் இருந்தார்கள். போட்டியென்று சொல்லப்படுவது வாடிக்கையாளர் நகர்ந்துகொண்டே இருக்கும்வரைதான் போட்டி. நகராத மக்கள் இருக்கும் நாட்டில் மூன்று கம்பெனி இருந்தாலும் ஒரு கம்பெனி இருந்தாலும் விலை ஒன்றுதான்.

மாறுகிறவர் செய்யக்கூடாத காரியம் ஒன்று முக்கியமாக உண்டு. பழைய இணைப்பைத் தாமே முதலில் துண்டித்துவிட்டுப் புதிய கடைக்குப் போகக்கூடாது. துண்டித்த எண் செத்த எண். அதை எடுத்துச் செல்ல இயலாது. எண் உயிரோடிருக்கும்போதே புதிய கம்பெனியிடம் விண்ணப்பிக்கவேண்டும். பழைய கம்பெனியோடு பேசித் துண்டிப்பது அவர்கள் வேலை. பழைய பாக்கி இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடக்கூடும். ஆகவே முதலில் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளவேண்டும். முன்கட்டண அட்டையில் மீதமிருக்கும் பணம் நம்மோடு வராது; பேசித் தீர்த்துவிட்டு மாறுவதே புத்தி. விண்ணப்பத்தை உறுதி செய்யும்படி ஒரு குறுஞ்செய்தி வந்தால், நாம் விண்ணப்பித்திருந்தால் மட்டும் பதில் அனுப்பவேண்டும். கேளாமலே அப்படியொரு செய்தி வந்ததானால், யாரோ நமது எண்ணைத் தூக்கிப்போகப் பார்க்கிறார் என்று பொருள்.

இந்த எச்சரிக்கையின் காரணத்தைச் சொல்லவேண்டும். எண் இன்று பேசுவதற்கான எண் மட்டுமன்று. சிங்கப்பூரில் 2017 முதல் பேநவ் மூலமும், மலேசியாவில் 2018 முதல் டூயிட்நவ் மூலமும் கைத்தொலைபேசி எண்ணைச் சொன்னாலே பணம் வந்து சேர்கிறது. வங்கி நம்மை அறிந்துகொள்வதும் பெரும்பாலும் அந்த எண்ணைக் கொண்டுதான். குறுஞ்செய்தியில் இரகசிய எண் அனுப்பும் முறை ஆபத்தானதென்று கண்டு, மலேசிய மத்திய வங்கி அதனைக் கைவிடும்படி 2022 செப்டம்பரில் வங்கிகளை நெருக்கியது; சிங்கப்பூர் வங்கிகளும் 2024 முதல் அதைப் படிப்படியாகக் குறைத்து வருகின்றன. ஆயினும் பல அலுவலகங்களுக்கும் செயலிகளுக்கும் இன்றளவும் திறவுகோல் அந்தக் குறுஞ்செய்தியே. கம்பெனி மாறினாலும் எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதன் அருமை இதில்தான் விளங்கும். ஒவ்வொரு முறையும் சலுகைக்காகப் புதிய எண் வாங்கிப் பழைய எண்ணைக் குப்பையில் எறியும் வாலிபர்கள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. எறிந்த எண்ணைக் கம்பெனி சில காலம் கழித்து வேறொருவருக்கு விற்கிறது. நமது வங்கிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், நமது செய்திகள் முன்பின் அறியாத ஒருவரின் சட்டைப்பையில் போய் விழும். பழைய கருவியை விற்கும்போதும் உள்ளே இருப்பவற்றை முற்றிலும் அழித்துவிட்டே கைமாற்றவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் சொன்ன பின், நம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. எண்ணை எடுத்துச் செல்லும் உரிமை அதைப் பேசுகிறவருக்குச் சட்டம் கொடுத்த உரிமையன்று. அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் கொடுத்த உரிமை. நமது வீடுகளில் எத்தனை தாய்மார்களின் எண் அவர்களுடைய பெயரில் இருக்கிறது? கணவன் பெயரில் வாங்கியது. மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டதும் அவன் பெயரில் வாங்கியது. வீட்டு வேலை செய்யும் இடத்து எஜமானியம்மாள் வாங்கிக் கொடுத்தது. தோட்டத்து மண்டோர் யாருடைய அடையாள அட்டையையோ காட்டி வாங்கியது. பதினைந்து வருஷம் அந்த எண்ணில் பேசி, அந்த எண்ணில் சம்பளம் வாங்கி, அந்த எண்ணைப் பேத்தியின் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எழுதி வைத்திருக்கும் அம்மாளுக்கு, கம்பெனியின் ஏட்டில் அந்த எண்மீது ஓர் அணுவளவும் பாத்தியதை இல்லை. அவர் மாற விரும்பினால் மகன் வரவேண்டும். மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பான். அல்லது மருமகளோடு மனஸ்தாபப்பட்டுப் பேச்சை விட்டிருப்பான். கணவன் இறந்துபோயிருந்தால் மரணச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலையவேண்டும். அதுவரை கட்டணம் மட்டும் மாதந் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

சொத்தில் பெண்களுக்குப் பங்கு, படிப்பில் பெண்களுக்குப் பங்கு என்று மேடைதோறும் முழங்குகிற நம் கனவான்கள், தம் தாயாரின் கைத்தொலைபேசி எண் யார் பெயரில் இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். பெயரை மாற்றுவது கடினமான காரியமன்று. பதிவுள்ளவரும் பயன்படுத்துகிறவரும் இருவரும் அடையாள அட்டையோடு கம்பெனியின் கிளைக்குப் போனால், பெரும்பாலும் ஒரு மணி நேரத்து வேலை. அது முடிந்த பிறகு அவர் எந்தக் கம்பெனிக்கும் போகலாம், போகாமலும் இருக்கலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் பலகாரம் தின்றுவிட்டுப் புதுப் போனைக் காட்டிப் பெருமை பேசும் நேரத்தில், அம்மாவை அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போய் இந்த ஒரு காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பலாம். கிளைகள் பல சனிக்கிழமையிலும் திறந்திருக்கின்றன.